எரிமலைத் தீவின் வெண்டேறல்: நிலமும் சுவையும் பற்றிய ஓர் ஆய்வு

1. நோக்கம்

சுவைத்தவன் ஒருவன் தான் சுவைத்ததைக் கூறுங்கால், பொருளின் இயல்பைக் கூறுகின்றானா, தன் உள்ளத்தின் இயல்பைக் கூறுகின்றானா என்பது திறனாய்வாளர் நெடுங்காலமாக எழுப்பி வரும் வினாவாகும். பாட்டை நோக்கி எழும் இவ்வினா பழத்தை நோக்கியும் எழும். பழச்சாறு புளித்து விளையும் தேறலை நோக்கி இன்னும் கூர்மையாக எழும். தேறலைச் சுவைத்து எழுதுவோர் மேலைநாடுகளில் தமக்கெனத் தனித்ததொரு திறனாய்வு மொழியையே வளர்த்துள்ளனர். ஈரக்கல், சுண்ணம், தீக்கல், எரிமலைச் சாம்பல் என்பன அம்மொழியில் பெருவழக்காகப் பயிலும் சொற்கள். கொடி வேரூன்றிய மண்ணின் சுவை, கிண்ணத்திலுள்ள தேறலில் அவ்வாறே வந்து நிற்கின்றது என்பது அச்சொற்களின் அடியிலுள்ள கொள்கை. இக்கொள்கை எத்துணை உண்மை என்பதை, கிரேக்க நாட்டுச் சாந்தொரினித் தீவில் விளையும் வெண்டேறல் ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளைக் கற்பிக்கும் துறையிலிருந்து இத்தகைய கட்டுரை எழுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். குடியைப் புகழ்தல் ஈண்டு நோக்கமன்று. யவனர் கொணர்ந்த தேறல் நம் பழம்பாட்டில் இடம்பெற்றுள்ளது. அதனை விளக்கப் புகுவோர் அத்தேறலின் இயல்பை ஊகத்தாலேயே உரைத்து வருகின்றோம். யானும் வகுப்பறையில் பல்லாண்டுகள் அவ்வாறு உரைத்தவர்களுள் ஒருவரே. அவ்வூகம் எங்ஙனம் தவறியது என்பதும் இக்கட்டுரையின் ஒரு பகுதியாக அமையும்.

2. தீவும் மண்ணும்

சாந்தொரினி ஏகேயக் கடலின் தென்பகுதியில் உள்ளது. இதன் பழம்பெயர் தேரா. அதற்கும் முன்னர்க் கல்லிஸ்தே, அஃதாவது 'பேரழகி', என வழங்கிற்று என்பர் ஹெரடோட்டஸ். பிற்காலத்தில் புனித ஐரீன் பெயரால் அமைந்த கோயிலை ஒட்டி இன்றைய பெயர் எழுந்தது. கி.மு. 17-ஆம் அல்லது 16-ஆம் நூற்றாண்டில் இத்தீவின் நடுப்பகுதி பேரெரிமலையாக வெடித்துச் சிதறியது. நடுநிலம் கடலுள் ஆழ்ந்தது. எஞ்சிய விளிம்பே பிறைவடிவில் இன்று தீவாக நிற்கின்றது. வெடிப்பின் சாம்பலில் புதையுண்ட அக்ரோத்திரி என்னும் ஊரை 1967-இல் ஸ்பிரிடோன் மாரினாதோஸ் அகழத் தொடங்கினார். எரிமலை முற்றும் அவிந்துவிடவில்லை. நடுவிலுள்ள சிறுதீவில் இறுதியாக 1950-இல் அது கனன்றது. 1956-இல் பெருநிலநடுக்கம் ஒன்று ஊர்களைச் சிதைத்தது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் தொடர்ந்த நிலநடுக்கங்களால் பல்லாயிரவர் தீவை விட்டு வெளியேறினர்.

இவ்வரலாற்றின் விளைவே இத்தீவின் மண். சாம்பல், நுரைக்கல், எரிமலைக் குழம்பின் துணுக்குகள் ஆகியவை கலந்த இதனை அத்தீவினர் 'அஸ்பா' என்பர். இம்மண்ணில் களி ஏறத்தாழ இல்லை. மட்கும் தழைச்சத்தும் மிகக் குறைவு. கோடையில் மழை பெய்வதே அரிது. இரவில் கடலினின்று எழும் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக் கொடிக்கு வழங்கும். நம் நாட்டு உழவர் ஒருவர் இந்நிலத்தைக் காணின் இதனைப் பயிர்நிலம் எனக் கொள்ளார். பாழ்நிலம் என்றே கூறுவார்.

ஆயினும் களியின்மையே இந்நிலத்திற்கு ஒரு காப்பாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட அமெரிக்காவினின்று வந்த பிலாக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. அதன்பின் அங்கெல்லாம் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டியே வளர்க்கலாயினர். சாந்தொரினியின் மணற்பாங்கான மண்ணில் அப்பேன் வாழ இயலவில்லை. ஆதலின் அத்தீவின் கொடிகள் இன்றும் தம் சொந்த வேரில் நிற்கின்றன. முதிர்ந்து விளைவு குன்றிய கொடியின் தண்டை நிலமட்டத்தில் அறுத்துவிட, பழைய வேரினின்று புதுத்தண்டு எழும். தண்டுக்கு வயது சில பத்தாண்டுகளாக இருக்க, வேருக்கோ அதனினும் பன்மடங்கு வயது இருத்தல் கூடும். ஏடு சிதையுந்தோறும் படியெடுத்துக் காக்கப்பட்ட பழம்பனுவலை இது நினைவூட்டுகின்றது.

3. கொடியும் தொழிலும்

தீவில் விளையும் வெண்திராட்சை வகைகளுள் தலையாயது அஸீர்டிகோ. அதீரி, ஐதானி என்பன அதற்குத் துணையாவன. தீவில் கோடைக்காற்று கடுமையாக வீசும். வீசுங்கால் மணலையும் வாரி இறைக்கும். பந்தலிட்டு உயர்த்திய கொடி அங்கு நில்லாது. எனவே உழவர் கொடியை நிலத்தோடு படிய, கூடை முடைவதுபோல் வட்டமாகச் சுற்றி வளைப்பர். ஆண்டுதோறும் புதுக்கிளையை முன்னைய வட்டத்தின்மேல் பின்னுவர். 'குலூரா' என்னும் இக்கூடையின் உட்புறத்தே கனிகள் தொங்கும். காற்றும் வெயிலும் கனியைத் தாக்கா. இரவின் ஈரம் உள்ளே தங்கும். இம்முறையில் எந்திரத்திற்கு இடமில்லை. கவாத்தும் பழம் பறித்தலும் குனிந்து கையால் செய்யும் தொழில்களே. கொடிகளை நெருக்கி நடவும் இயலாது. ஆதலின் ஒரு நிலப்பரப்பில் கிடைக்கும் விளைவு பிறநாட்டுத் தோட்டங்களை நோக்க மிகக் குறைவு.

இக்கனியினின்று மூவகைத் தேறல் விளைகின்றது. முதலாவது, சருக்கரை முழுதும் புளித்து அடங்கிய வெண்டேறல். தீவின் பெயராலேயே வழங்குவது. இரண்டாவது நிக்டேரி; 'இரவின் பணி' என்பது அச்சொல்லின் கருத்து. பகலில் பறித்த கனியை அன்றிரவே பிழிந்து முடித்த வழக்கத்தால் வந்த பெயர் இது. மூன்றாவது வின்சாந்தோ, பறித்த கனியை இரு கிழமை அளவில் வெயிலில் உலர்த்திப் பிழிந்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரச் செய்த இன்றேறல். கனியை உலர்த்திப் பிழியும் முறை கிரேக்கரிடை மிகப் பழமையானது. ஹெசியோத் என்னும் பழம்புலவர் உழவுத்தொழில் பற்றிப் பாடிய நூலில், பறித்த குலைகளைப் பத்துப் பகலும் பத்து இரவும் வெயிலில் வைத்துப் பின் ஐந்து நாள் நிழலில் வைக்குமாறு பணிக்கின்றார். இம்மூன்றனுள் ஈண்டு ஆராய்வுக்கு உரியது முதல் வகையே. இனிப்பும் மரமணமும் மறைக்காத நிலையில் நிலத்தின் கூறு ஏதேனும் இருப்பின், அது இதிலேயே வெளிப்பட வேண்டும்.

4. சுவைத்தல்

சுவையை ஆராய்தற்கு நம்மிடம் ஒரு கருவி உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் தொடக்கத்தில் கூறப்படும் முப்பத்திரண்டு என்னும் தொகையை விளக்கப் புகுந்த உரையாசிரியர்கள், ஒவ்வொரு சுவையையும் நான்காகப் பகுத்தனர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனை நுகர்ந்த பொறியின் உணர்வு ஒன்று. அவ்வுணர்வு உள்ளத்தில் பட்டவழி எழும் குறிப்பு ஒன்று. அக்குறிப்பால் உடம்பில் தோன்றும் வேறுபாடாகிய விறல் ஒன்று. நாடகச் சுவைக்கு வகுத்த இப்பாகுபாடு நாவின் சுவைக்கும் பொருந்தும். திறனாய்வில் நேரும் குழப்பங்களுட் பல, மூன்றாவதாகிய குறிப்பை முதலாவதாகிய பொருளின்மேல் ஏற்றிக் கூறுவதால் எழுவன.

ஆதென்ஸ் நகரில் கருத்தரங்கு ஒன்றிற்குச் சென்ற காலை, தேறல் தொழிலைப் பயின்ற நண்பர் ஒருவர் இவ்வெண்டேறலை எனக்கு அறிமுகம் செய்தார். புட்டியின் பெயரை அறிந்தே முதன்முறை சுவைத்தேன். அன்று குறித்தவை வருமாறு: நிறம், வெளிறிய பொன்னில் சிறிது பசுமை, மணம், முதலில் எலுமிச்சையின் தோல், பின்னர் அப்போதுதான் அணைந்த தீக்குச்சி, அதன்பின் வெயிலில் காய்ந்த பாறையில் முதல் மழைத்துளி விழுந்தாற் போன்றதொரு நாற்றம், நாவில், நாரத்தங்காய் போன்ற கடும்புளிப்பு, அதனைத் தொடர்ந்து கரிப்பு, ஈற்றில் ஈறுகளைப் பற்றும் மெல்லிய துவர்ப்பு. இனிப்பு அறவே இல்லை. வாயூறிக் கன்னத்தின் உட்புறம் சுருங்கியது, இது விறல். குறிப்பேட்டின் அடியில் யான் எழுதிய இறுதித் தொடர், எரிமலையை நாவால் தொட்டேன் என்னும் பொருள்பட அமைந்தது.

நண்பர் அதனைப் படித்து ஒன்றும் கூறவில்லை. மறுநாள் ஆறு கிண்ணங்களை வரிசையாக வைத்தார். புட்டிகளைத் துணியால் மூடியிருந்தார். ஆறனுள் இரண்டு சாந்தொரினியில் விளைந்தன. இரண்டு, அதே அஸீர்டிகோ வகையை வடகிரேக்கத்து மக்கெதோனியாவில், எரிமலை மண் அல்லாத நிலத்தில் பயிரிட்டு எடுத்தன. எஞ்சிய இரண்டும் வேறுவகைக் கனியின் தேறல்கள். இவற்றை அறியாமலே சுவைத்து எழுதினேன். துணியை நீக்கியபோது, சாந்தொரினித் தேறல்களுள் ஒன்றை மட்டுமே சரியாக இனங்கண்டிருந்தேன். மற்றொன்றைக் 'கனிந்த பழத்தோட்டம்' என எழுதியிருந்தேன். 'எரிந்த கல்' என்று யான் துணிந்து எழுதியதோ மக்கெதோனியத் தேறல் ஒன்றைப் பற்றியது.

இத்தவறு எனக்கே உரியதன்று. பொர்தோப் பல்கலைக்கழகத்தில் தேறலியல் பயின்ற மாணவர் ஐம்பத்துநால்வர்க்கு, மணமற்ற செந்நிறம் ஊட்டிய வெண்டேறலைக் கொடுத்து நிகழ்த்திய சோதனை 2001-இல் வெளிவந்தது. அவர்கள் அதனைச் செந்தேறலுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் அறிந்ததை மூக்கு வழிமொழிந்தது. புட்டியின் பெயர் எனக்குச் செய்ததும் அதுவே.

5. கல்லின் சுவை என்னும் கொள்கை

மண்ணின் கல் தேறலில் சுவையாகின்றது என்னும் கொள்கையை நிலவியலார் ஏற்பதில்லை. இதனை விரிவாக ஆராய்ந்தவர் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்து நிலவியலறிஞர் அலெக்ஸ் மால்ட்மன். அவர்தம் நூல் 2018-இல் வெளிவந்தது. அவர் கூறும் காரணங்களின் சாரம் இது: பாறையை ஆக்கும் கனிமங்கள் பெரும்பாலும் நீரில் கரையாதன; கரையாத பொருளுக்கு மணமோ சுவையோ இல்லை. வேர் ஏற்பது பாறையை அன்று, நீரில் கரைந்த உப்புக்கூறுகளை மட்டுமே. அவையும் தேறலில் நாவுக்குப் புலனாகாத சிற்றளவிலேயே எஞ்சும்.

மழைபட்ட பாறையின் நாற்றம் என்று நாம் கூறுவதும் பாறையின் நாற்றமன்று. 1964-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் இந்நாற்றத்திற்குத் தனிப்பெயர் இட்டு விளக்கினர். வறண்ட காலத்தில் பாறையிலும் மண்ணிலும் படிந்த செடிகொடிகளின் நெய்ப்பொருள் ஈரம்பட்டு வெளிப்படுவதே அது.

தீக்குச்சி மணம் பற்றி நண்பர் ஒரு சோதனை காட்டினார். தூய செப்புக்காசு ஒன்றை என் கிண்ணத்தில் இட்டுச் சிறிது நேரம் சுழற்றினார். பின்னர் முகர்ந்தேன், 'எரிமலை' பெரும்பாலும் மறைந்துவிட்டது, எலுமிச்சைத் தோலின் மணம் மட்டும் தெளிவாக நின்றது. செம்பு கந்தகச் சேர்மங்கள் சிலவற்றைப் பற்றி நீக்கும் இயல்புடையது. எனவே யான் முகர்ந்த புகை, புளிக்கும்போது நொதியம் உண்டாக்கிய கந்தகச் சேர்மமேயன்றிப் பாறையின் கூறன்று. ஒரு நாட்டின் மூவாயிரத்தைந்நூறு ஆண்டு வரலாற்றை ஒரு செப்புக்காசு கிண்ணத்தினின்று அகற்றியது கண்டு நாணினேன்.

கரிப்பும் இத்தகையதே. கடற்காற்றுத் தெளிக்கும் உப்புக் கனியின் தோலில் படிதல் கூடும். எனினும் புளிப்பு மிக்கு இனிப்பற்ற பொருளில் உப்புப் போன்றதொரு தோற்றம் நாவில் எழுதலும் உண்டு. கடலைக் கண்டவன் அத்தோற்றத்தைக் கடலின் உப்பு என்று பெயரிட்டுக்கொள்கின்றான்.

6. மறுப்பின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால், நிலத்திற்கும் சுவைக்கும் தொடர்பே இல்லை எனத் துணிதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. ஒரு மிகையை மறுக்கப் புகுந்து மற்றொரு மிகையில் வீழ்தல் ஆராய்ச்சியாகாது. நிலம் தேறலில் இல்லை. ஆயினும் நிலம் தேறலை ஆக்குகின்றது. இவ்விரண்டும் வேறு.

முதற்கண் புளிப்பை நோக்குவோம். வெப்பமிக்க நாடுகளில் கனி முற்ற முற்றப் புளிப்புக் குறைந்து தேறல் சப்பென்று போதல் இயல்பு. சாந்தொரினியில் ஆகத்து மாதத்திலேயே கனி முற்றிச் சருக்கரை மிகுகின்றது. ஆயினும் புளிப்புக் குன்றுவதில்லை. இதற்கு முதற்காரணம் அஸீர்டிகோ வகையின் பிறவியியல்பு. மக்கெதோனியத் தேறலிலும் அதே புளிப்பு இருந்தமை இதற்குச் சான்று. துணைக்காரணம் மண். தீவின் மண்ணில் பொட்டாசியம் குறைவு. கனியில் பொட்டாசியம் மிகின் அது புளிப்பமிலத்தோடு கூடி உப்பாகப் படியும், புளிப்புத் தணியும். அது குறைந்தவிடத்துப் புளிப்பு நிலைக்கும். ஆகவே இப்புளிப்பு மண் கொடுத்த பொருளன்று. மண் கொடாமையால் எஞ்சிய பொருள்.

கந்தக மணத்தையும் மீண்டும் நோக்குதல் வேண்டும். தழைச்சத்துக் குறைந்த நிலத்தில் விளையும் கனிச்சாற்றில் நொதியத்திற்கு வேண்டிய நைட்ரசன் உணவு குறைதல் கூடும். உணவு குன்றிய நொதியம் கந்தகச் சேர்மங்களை மிகுதியாக வெளியிடும் என்பது தேறலியலார் நன்கறிந்த உண்மை. எனவே யான் முகர்ந்த புகைக்கும் சாம்பல் மண்ணுக்கும் தொடர்பு இருத்தல் கூடும். ஆனால் அத்தொடர்பு நேர்வழியாக வந்ததன்று. எரிமலையின் கந்தகம் கிண்ணத்துக்கு வந்திலது. எரிமலை விட்டுச் சென்ற வறுமை, நொதியத்தின் பசியாகி, அப்பசி மணமாகியது. இவ்விளக்கம் பழைய உவமையினும் வியப்பு மிக்கது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

விளைவின் குறைவு, வேரின் முதுமை, கூடையின் காப்பு ஆகியனவும் இங்ஙனமே மறைமுகக் காரணங்கள். அவற்றுள் கூடை முழுதும் மனிதனின் செயல். நிலத்தின் கொடுமைக்கு மனிதன் கண்ட மறுமொழி அது. நிலத்தின் சுவை என்று நாம் போற்றுவதில் ஒரு பெரும்பங்கு, குனிந்து கொடி பின்னிய உழவரின் உழைப்பே. மண்ணைப் புகழும் சொற்பெருக்கில் அவ்வுழவர் மறைந்துவிடுகின்றார். கல்லின் சுவை என்னும் கொள்கையின் பெருங்குறை அறிவியற் பிழையன்று, இம்மறைப்பே என்க.

இலக்கியத் திறனாய்விலும் இக்குறை உண்டு. வறண்ட நிலத்தில் பிறந்த புலவர் பாட்டில் வறட்சி உண்டென்றும், ஆற்றங்கரைப் புலவர் பாட்டில் நீரோட்டம் உண்டென்றும் எளிதாக எழுதிவிடுகின்றோம். பெயரை மறைத்து அப்பாட்டைக் கொடுப்பின் நம்மில் எத்தனைபேர் நிலத்தை இனங்காண்போம்? நிலம் புலவரின் சொல்லில் படிவதில்லை. அவர் எதிர்கொண்ட தட்டுப்பாடாகவும், கற்ற தொழிலாகவும், கேட்டு வளர்ந்த வழக்காகவும் உருமாறியே பாட்டுக்குள் வருகின்றது. அவ்வுருமாற்றத்தின் படிகளைக் காட்டுவதே திறனாய்வாளர் கடன்.

7. யவனர் தேறல்

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் நல்ல கலத்தில் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலைக் குறிக்கின்றார். கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும், கொள்கலத்தையும் குறிக்கும். பழைய உரைகாரர் அதனைக் குப்பி எனக் கொண்டார். தேறல் ஏந்திவரும் மண்சாடிகள் நம் கடற்கரையில் கிடைத்துள்ளமை அவ்வுரைக்கு அரண் செய்கின்றது.

1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ஆம்போரா எனப்படும் இருகைச் சாடிகளின் உடைசல்களைக் கண்டெடுத்தார். அவற்றுட் பல, கிரேக்கத்துக் கோஸ் தீவின் இரட்டைத்தண்டுக் கைப்பிடி கொண்ட வடிவின. இதனை ஒட்டியே நம்மனோர் யவனர் தேறலைக் கிரேக்கத் தீவுகளின் இன்றேறல் எனக் கொண்டனர். யானும் அவ்வாறே கற்பித்தேன். சாந்தொரினித் தேறலை முதன்முறை சுவைத்தபோது நக்கீரர் பாட்டே நினைவில் எழுந்தது. குளிர்ச்சியும் மணமும் ஒத்தன. ஆயிரத்தெண்ணூறு ஆண்டு இடைவெளி ஒரு மிடற்றில் அகன்றதாக மயங்கினேன்.

சான்றுகள் அம்மயக்கத்தை ஆதரிக்கவில்லை. கோஸ் சாடியின் வடிவை இத்தாலியர் பின்பற்றித் தம் நாட்டிலும் வனைந்தனர். இந்தியக் கரையில் கிடைத்த அவ்வடிவச் சாடிகளின் களிமண்ணை ரொபெர்ட்டா டோம்பர் முதலிய அறிஞர் ஆராய்ந்து, அவற்றுட் பல இத்தாலியின் கம்பானியப் பகுதியில் வனையப்பட்டவை எனக் காட்டினர். அக்களிமண்ணில் கரிய எரிமலை மணல் விரவியிருத்தலே அதற்கு அடையாளம். அது வெசூவியஸ் மலைசூழ் நாட்டின் மண். யவனச் சாடி எனக் கருதப்பட்ட வேறு சில உடைசல்கள் மெசொப்பொத்தாமியச் சாடிகள் என்பதையும் டோம்பர் தெளிவுறுத்தினார். கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நிகழ்ந்த அகழ்வுகளிலும் இத்தாலியச் சாடி உடைசல்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், முசிறிப் பகுதிக்குத் தேறல் சிறிதளவே வந்தது என்று குறிக்கின்றது. பரிகச்சத்துக்கு வந்தவற்றுள் இத்தாலியத் தேறலே விரும்பப்பட்டது என்பதும் அந்நூற் செய்தி.

ஆகவே, எரிமலை நிலத்திற்கும் நம் கடற்கரைக்கும் மெய்யான தொடர்பு உண்டு. அத்தொடர்பு தேறலின் சுவையில் இல்லை. சாடியின் மண்ணில் உள்ளது. கல்லைத் தேட வேண்டிய இடம் நாவன்று, உருப்பெருக்கிக் கண்ணாடியே.

அன்றைய தேறலின் சுவையும் இன்றைய வெண்டேறலின் சுவை ஆகாது. சாடியின் உட்புறத்தே பிசினோ கீலோ பூசுவது வழக்கம். அதன் மணம் தேறலில் ஏறும். கோஸ் தீவின் முறையில் தேறல் செய்யக் கடல்நீர் கலக்குமாறு ரோமானியரான கேட்டோ கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதினார். எனவே அத்தேறலின் கரிப்பு, தோற்றமன்று, மெய்யான உப்பு. அருந்துங்கால் நீர் கலந்தே அருந்துதல் கிரேக்கர் மரபு. ஹோமர் காட்டும் மாரோனின் தேறல், ஒரு பங்கிற்கு இருபது பங்கு நீர் வேண்டிய அளவு கடுமையுடையது. நக்கீரர் சுட்டிய நறுமணம் பழத்தின் மணமாகவோ, பிசினின் மணமாகவோ, ஈண்டு நம்மவர் கூட்டிய விரையின் மணமாகவோ இருத்தல் கூடும். பாட்டு அதனைச் சொல்லவில்லை. பாட்டு சொல்லாததை நாம் ஒரு புட்டியைத் திறந்து பெற்றுவிட இயலாது.

8. மதிப்பீடும் முடிவும்

உவமைகளை எல்லாம் களைந்த பின்னரும் சாந்தொரினி வெண்டேறல் சிறந்த தேறலே என்பது என் துணிபு. வன்மையும் புளிப்பும் பொதுவாக ஒன்றையொன்று விலக்குவன. வெயில் வன்மையைத் தந்து புளிப்பைக் கொள்ளும், குளிர் புளிப்பைத் தந்து வன்மையைக் கொள்ளும். இத்தேறலில் இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. இனிப்பின் துணையின்றியே நிற்கின்றன. இஃது இதன் தனிச்சிறப்பு. குறைகளும் உள. ஆண்டு முதிராமுன் அருந்தின் புளிப்பு ஏனைய சுவைகளை அடக்கிவிடும். மரப்பீப்பாயில் மிகையாக வைத்தவற்றில் மரத்தின் மணமே மேலோங்கிக் கொடியின் இயல்பு மறையும். யான் மூடிச் சுவைத்தபோது இனங்காணத் தவறிய கிண்ணம் இத்தகையதே.

இத்தேறல் நீடிக்குமா என்பது வேறு வினா. சுற்றுலாவால் தீவின் நிலவிலை பெருகிவிட்டது. கொடி நின்ற இடங்களில் விடுதிகள் எழுகின்றன. குனிந்து கூடை பின்னும் தொழிலுக்கு இளைஞர் வருவது அருகி வருகின்றது. எரிமலைச் சுவை என்னும் விளம்பரம் பயணிகளைத் தீவுக்கு அழைக்கின்றது; அழைக்கப்பட்டோர் தங்கும் விடுதிக்காகக் கொடி பிடுங்கப்படுகின்றது. கல்லை மட்டும் புகழ்வோர் இதனால் கலங்க வேண்டுவதில்லை. கல் அங்கேயே இருக்கும். கொடியையும் கையையும் அறிந்தோர்க்கே இழப்பு விளங்கும். அழிந்த வேரை எந்த வருணனையும் மீட்டுத் தாராது. மறைந்துபோன நம் நூல்களின் பெயர்களை மட்டும் உரைகளில் காணும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தொகுத்துரைப்பின்: சுவைக்கும் பொருளையும் சுவைப்போன் குறிப்பையும் வேறுபடுத்திக் காணாத திறனாய்வு, நிலத்தின் பெயரால் தன்னையே சுவைக்கின்றது. நிலம் சுவையில் நேராக உறைவதில்லை; இன்மையாகவும் தடையாகவும் தொழிலாகவும் நின்று சுவையை ஆக்குகின்றது. இன்றைய கிண்ணத்தைக் கொண்டு பண்டைய பாட்டை விளக்குதல் ஆகாது. இம்மூன்றும் இவ்வாய்வின் முடிபுகள். புறநானூற்றின் அப்பாட்டை இவ்வாண்டு மாணவர்க்குக் கற்பித்தபோது, யவனர் தேறலின் சுவை யாது என ஒருவர் வினவினார். அறியோம் என்று விடை கூறி, சாடியின் மண்ணில் உள்ள கரிய மணலைப் பற்றி விளக்கினேன். முன்னைய ஆண்டுகளில் யான் கூறிவந்த விடையினும் இது சிறிது, ஆயினும் மெய்.